அத்தையின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. எல்லாம் மரியாதை. மருமகனுக்கு முன்னால் நாற்காலியில் உட்காரக் கூடாது. மருமகன் சாப்பிடும்போது அந்தப் பக்கம் வரக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்தோ ஃபிரிட்ஜைப் பார்த்தோதான் சொல்ல வேண்டும். "காபி ஆறுது" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வார், நான் போய் எடுத்துக்கொள்வேன். இத்தனைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவர். எப்பேர்ப்பட்ட அடங்காத பயலும் அவர் ஒரு பார்வை பார்த்தால் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்காருவானாம். மருமகன் தலையைக் கண்டால் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். நான் அவரை அத்தை என்பேன். அவர் என்னை மாப்ள என்பார், அதுவும் கதவுக்குப் பின்னாலிருந்து.

மாமா இறந்த பிறகு சோழவந்தான் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கத்தில்தான் என் கடை. மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடை. மனைவிக்கு பேங்கில் வேலை. போன வருஷம் அவளை ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை வெள்ளன மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவாள். நடுவில் வீட்டில் நானும் அத்தையும் மட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு ஃபிரிட்ஜ்.

முதல் தடவை கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

"அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் குடுக்கிறது ஒங்க பொறுப்பு. அப்பறம் கோவப்படக் கூடாது. அவங்களப் போயி வஞ்சுறாதீங்க."

"நான் எப்ப கோவப்பட்டேன்?" என்று கேட்டேன். கேட்ட தொனியிலேயே பதில் இருந்ததால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊருக்கே தெரியும். ஆனால் மாமியாரிடம் குரலை உயர்த்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எவனுக்கும் கிடையாது. வந்த கோபத்தையெல்லாம் கடைக்குக் கொண்டுபோய் செம்புக் கம்பியிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் காபியோடு ஒரு சின்னத் தட்டில் மாத்திரையை வைத்துவிட்டு நான் கடைப்பக்கம் வந்துவிடுவேன். நான் நகர்ந்த பிறகுதான் எடுத்துப் போடுவார். திரும்பி வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மாதாமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்து வயதானவர்களுக்கு பிரஷர் பார்ப்பார். அவரும் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்தான். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். மனைவிதான் அத்தையை அங்கே கூட்டிப் போவாள். நான் சாயங்காலப் பூசைக் கட்சி என்பதால் காலையில் எட்டிப்பார்த்தது கிடையாது.

அங்கே பார்க்கும்போதெல்லாம் அத்தைக்கு பிரஷர் எக்குத்தப்பாக ஏறிக் கிடந்தது. "மாத்திரை விடாம போடுறீங்களா டீச்சர்?" என்று டாக்டர் கேட்பாராம். "ஒருநாள்கூட விட்டதில்ல" என்று அத்தை சொல்வாராம். அது சத்தியமான உண்மை. டாக்டரும் வேறு என்னதான் செய்வார்? மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த தடவையும் ஏறியிருந்தது, இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். மனைவி சமையலறைக்குள் புகுந்து ஊறுகாய் ஜாடியை எடுத்து எங்கோ ஒளித்து வைத்தாள். அப்பளம் போச்சு, கருவாடு போச்சு. அத்தையோடு சேர்ந்து நானும் உப்புச் சப்பில்லாத குழம்பைத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு பாவமும் அறியாத என்னை ஏன் தண்டிக்கிறார்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அப்போதுதான் வீட்டுக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் கடையில் இருப்பேன், உள்ளே டம்ளர் உருளும். ஒரு நாள் குடம் கவிழ்ந்தது.

"என்ன அத்தை?"

"பூனை மாப்ள. தட்டிவிட்ருச்சு."

"நல்லாத்தான இருக்கீங்க?"

"எனக்கென்ன, நல்லாருக்கேன்."

நானும் வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பதைப் பார்த்தேன், மூட்டுவலி என்று நினைத்தேன். குளியலறையிலிருந்து வர நேரமானால் ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நாளானது.

இந்த இடத்தில் என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் ஒரே மகன். மெட்ராஸில் மூணாவது மாடியில் ஃபிளாட். தங்கமான பையன், தாய் மேல் உயிரை வைத்திருக்கிறான். ஆனால் மகன் இருக்க அம்மா மருமகன் வீட்டில் இருப்பது அவனுக்கு ஒரு குறை. நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று யோசிப்பான். போன் பண்ணும்போதெல்லாம், "அம்மாவுக்கு லேசா ஒண்ணுன்னாலும் சொல்லிருங்க அத்தான். ஒடனே காரை எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். கேட்கிற அத்தைக்குத்தான் முகம் சுண்டிப்போகும். அவர் முன்பு ஒரு தடவை மெட்ராஸில் போய் இருந்து பார்த்திருக்கிறார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். லிஃப்டில் ஏறத் தெரியாது, கோயில் தூரம், பேசுவதற்கு ஆள் கிடையாது. இங்கே வாசலில் இறங்கினால், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பழைய மாணவிகள் யாராவது எதிரே வருவார்கள். "டீச்சர் டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். தெப்பக்குளக் காற்று வீட்டுக்குள் வரும். கோயிலுக்குத் தனியாக நடந்தே போய் வரலாம்.

ஒரு நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அத்தை கொல்லைப்புறக் குழாயடியில் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வழுக்கி ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் கையை நான் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த நிலையிலும் கையை உருவிக்கொண்டு முந்தானையைத் தேடினார். பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"எத்தனை நாளா இப்படி வருது?"

"இன்னைக்குத்தான் மாப்ள" என்றார், வாளியைப் பார்த்து.

"பொய் சொல்லாதீங்க அத்தை! பூனை பூனைன்னு சொன்னீங்களே, நம்ம வீட்ல ஏது பூனை? விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சா ஒங்க மககிட்ட நான் என்னன்னு சொல்றது? ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்து உதிந்துருமா?"

பக்கத்து வீட்டு மாடியில் ஆள் எட்டிப்பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அத்தை நனைந்த சேலையோடு உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"சொன்னா மெட்ராஸுக்கு அனுப்பிருவீங்க" என்றார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எம்புட்டு நாளாக இந்த மனுஷி தலைசுற்றலை மறைத்துக்கொண்டு, இல்லாத பூனையை வளர்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார்! நானும் அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு அனுப்புறது? நான் அனுப்புவேன்னு சொன்னேனா? ஆனா ஒங்க மககிட்ட நான் மறைக்க மாட்டேன் அத்தை. மொதல்ல இது ஏன் வருதுன்னு பாப்போம்."

உடனே டாக்டருக்கு போன் பண்ணினேன். அவர், "நீங்களா மாத்திரைய நிறுத்திறாதீங்க, நீங்களா குறைக்கவும் குறைக்காதீங்க. வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டு, சாயந்தரம் கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அவங்கள ஒக்கார வையுங்க, தனியா நடக்க விடாதீங்க. மறுபடி மயக்கம் வந்தா ஒடனே கூப்பிடுங்க" என்றார். இருப்புக் கொள்ளாமல் மருந்துக் கடைக்குப் போய், வீட்டிலேயே பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்றையும் வாங்கி வந்தேன்.

அந்தப் பட்டையை அத்தையின் கையில் கட்ட நான் பட்ட பாடு இருக்கிறதே! மருமகன் கையால் கட்டவே கூடாது. "குடுங்க, நானே கட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். மிஷின் உஸ்ஸென்று காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன காட்டுது?"

"நல்லாத்தான் காட்டுது மாப்ள."

"நல்லாத்தான்னு ஒரு நம்பரா அத்தை? கணக்கு டீச்சர் பேசுற பேச்சா இது? மிஷின இந்தப் பக்கம் திருப்புங்க."

கதவிடுக்கு வழியாக மிஷின் மட்டும் வெளியே நீண்டது. மேல் எண் நூற்றை ஒட்டி நின்றது. அத்தைக்கு எப்போதும் ஏறித்தான் இருக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு மிஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் கையில் கட்டிப் பார்த்தேன். எனக்குத்தான் ஏறியிருந்தது.

சாயங்காலம் கிளினிக்கில் டாக்டர் உட்கார வைத்துப் பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லியும் பார்த்தார். நின்றபோது இன்னும் இறங்கியது. "குனிஞ்சு நிமிந்தா தலை சுத்தாம என்ன செய்யும்?" என்றவர், பையிலிருந்த மாத்திரைகளை மேஜையில் கொட்டி, வேண்டாத பழைய அட்டைகளைத் தனியே ஒதுக்கி, அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"கோயில்ல பாத்தா அம்புட்டு ஏறிக் கெடக்கு. இங்க இம்புட்டு எறங்கிக் கெடக்கு. ஞாயித்துக்கெழமை மட்டும் ஒங்களுக்கு என்ன ஆகுது டீச்சர்?"

அத்தைக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "சாமியார் பிரசங்கத்தக் கேட்டா எனக்கே ஏறும்" என்று சிரித்துவிட்டு, தினமும் வீட்டில் பார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் பார்க்கச் சொன்னார்.

மனைவியிடம் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். அழுதாள். அந்த வாரம் பேங்கில் ஆடிட், அவளால் வர முடியாது. அத்தையைப் பூசைக்குத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே எழுந்து, காபி போட்டு, மாத்திரையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அத்தை குளித்துத் தலைசீவி, வெள்ளைச் சேலை கட்டி, ஜெபமாலையோடு தயாராக நின்றார். காபியைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஐயோ சேசுவே! இன்னைக்கு ஞாயித்துக்கெழம மாப்ள. நன்மை வாங்கணும்."

எங்கள் ஆட்களுக்கு நன்மை வாங்குவது என்றால் பூசையில் சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்குவது. அந்தக் காலத்தில் அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று இருந்தது. அதெல்லாம் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அத்தை கன்னியர் மடத்து ஹாஸ்டலில் வளர்ந்தவர். சின்ன வயதில் பழகியதை விடவில்லை. மாமாவும் விடவில்லை. என் மனைவி பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அது அவள் கண்ணுக்கே படாத சங்கதியாகிவிட்டது.

"சரி, காபி வேணாம். மாத்திரைய மட்டும் போட்டுக்கங்க."

"அதுவும் வயித்துக்குள்ளதான போகுது? வந்து போட்டுக்குவேன்."

"எப்பவுமே இப்படித்தானா? அந்த டாக்டர் வந்து ஒக்காருவாரே, அன்னைக்கும் வந்துதான் போடுவீங்களா?"

"பின்ன? பூசை முடிஞ்சு, டாக்டரப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து, இட்லி சாப்பிட்டுத்தான். ஒருநாள்கூட விட்டதில்ல மாப்ள."

தட்டோடு அப்படியே நின்றேன். முந்தின நாள் காலையில் போட்ட மாத்திரை. பச்சைத் தண்ணீர் இல்லாத வயிறு. வெயிலில் நடை, நெடும்பூசை, அதற்கு மேல் வரிசையில் நிற்பது. அந்த நேரம் பார்த்துப் பட்டையைக் கட்டினால் ஏறாமல் என்ன செய்யும்? அப்படி ஏறியதைப் பார்த்துக் கூட்டிய மாத்திரையைத்தான் மற்ற ஆறு நாளும் அத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கொல்லையில் தள்ளாடியிருக்கிறார். டாக்டர் கேட்டதும் சரி, அத்தை சொன்னதும் சரி. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதுவே ஒரு கோபமாக வந்தது.

"ஏன் அத்தை, ஒங்க தலையச் சுத்தவிட்டுத்தான் நன்மை குடுப்பேன்னு ஆண்டவரா சொன்னாரு?"

"அப்படிப் பேசாதீங்க" என்றார். குரலில் கணக்கு டீச்சர் எட்டிப்பார்த்தார். நான் மாத்திரையை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கோயிலுக்குப் போனதும் அவரை ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு நேராகச் சாமியாரைப் பிடித்தேன். பூசைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், நான் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் கேட்டார். அத்தையைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, அப்படியே வெளியே வந்தார்.

"டீச்சர், மருந்து சாப்பாட்டுல சேராது. தண்ணியும் சேராது. ஒங்க வயசுக்கும் ஒடம்புக்கும் உபவாசமே வேண்டியதில்ல. மாத்திரையப் போட்டுட்டு வந்து தாராளமா நன்மை வாங்குங்க."

"பாவமில்லையா சாமி?"

"போடாம வந்து கோயிலுக்குள்ள மயங்கி விழுந்து, என் பூசைய நிறுத்துனீங்கன்னா அதுதான் பாவம்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த மாத்திரையை நீட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டு, ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கினார். "ஆனா காபி பூசைக்கு அப்பறந்தான்" என்றார், தூணைப் பார்த்து. பிறகு டாக்டரிடம் அத்தையின் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் கேட்ட கேள்வியே தப்பு. போடுறீங்களான்னு கேட்டேன், எப்பப் போடுறீங்கன்னு கேக்கல" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. அன்றாடம் அதே நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் மாத்திரை என்று முடிவானது. சில வாரங்களில் மிஷின் ஒழுங்கான எண்ணைக் காட்டத் தொடங்கியது. டம்ளர் உருளவில்லை. கருவாடும் எப்போதாவது ஒரு துண்டு திரும்பி வந்தது.

மச்சினனுக்கு விஷயம் தெரிந்து போனில் குதித்தான். "நான் வாரேன் அத்தான், அம்மாவ இனிமே அங்க விட்டுவைக்க முடியாது" என்றான். ஸ்பீக்கரில் அத்தை கேட்டுக்கொண்டு நின்றார். முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, நீ தாராளமா வா. வந்து ஒரு வாரம் தங்கு, அம்மாவ நல்லாப் பாரு. ஆனா கூட்டிட்டுப் போறதா இருந்தா அவங்க வாயால 'வாரேன்'னு சொல்லணும். மறைச்சு வச்சதுக்கு என்ன காரணம் தெரியுமா? ஒன்கிட்ட அனுப்பிருவோம்னுதான். சொன்னா ஊரை விட்டு அனுப்பிருவாங்கன்னு இருந்தா எவன் சொல்லுவான்? அவங்க தலை சுத்துதுன்னு பயமில்லாம சொல்லணும். நமக்கு அதுதான் வேணும்."

அவன் குதிப்பு அடங்கியது. பிறகு, "அம்மா, அங்கயே இருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். அத்தை போனைப் பார்த்து, "இருக்கேன்ப்பா" என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறமும் "நல்லாருக்கேன்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா, இல்லை பூனையை மறுபடி வளர்க்கிறாரா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். கடையில் மேலூர் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மோட்டாருக்காக உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து அத்தை வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. வெளி ஆள் இருப்பதையும் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து வந்து எனக்கு நேர் எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானை தோளிலேயே கிடந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ள, தலை சுத்துது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் தலை சுற்றுகிறது என்று சொன்னதற்கு நான் அம்புட்டு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டு மிஷினை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டையை நானே கட்டினேன்.